கூட்டினால் 103 வரும் செய்முறை: சதவீதம் எதனுடைய நூறில்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு கிரீமின் செய்முறை இருக்கிறது. நீர் 70, எண்ணெய் 19, கிளிசரின் 5, பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைப்பது) 6, பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காப்பது) 1, வைட்டமின் இ 1, வாசனை எண்ணெய் 1 என்று எல்லாமே நிறைச் சதவீதத்தில் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 400 கிராம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றையும் 4ஆல் பெருக்கினீர்கள். கூட்டிப் பார்த்தால் 412 வருகிறது. நீரை மட்டும் குறைப்பதா, எல்லாவற்றையும் குறைப்பதா என்று கேட்கிறீர்கள். எண்ணெயையும் கிளிசரினையும் அளவுக் கோப்பையில் மில்லிலிட்டராக ஊற்றியதாகவும், மற்றவற்றை முழுக் கிராம் மட்டும் காட்டும் தராசில் நிறுத்ததாகவும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த 12 கிராமைவிட எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. களிம்பு, லோஷன் தயாரிக்கும் கூடங்களில் பல ஆண்டுகள் எடை அறையில் வேலை செய்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த கலவைப் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கலில் வந்தவை அல்ல. சதவீதம் என்றால் நூறில் இத்தனை. எதனுடைய நூறு என்பதைத் தாளில் யாரும் எழுதுவதில்லை. எழுதியவருக்கு அது தெரியும். படிப்பவர் தமக்குத் தோன்றியதை வைத்துக்கொள்கிறார். உங்கள் கேள்வியும் அதுதான்.

உங்கள் பட்டியலில் முதல் நான்கை மட்டும் கூட்டிப் பாருங்கள். 70, 19, 5, 6. சரியாக 100. மிச்சம் இருக்கும் மூன்றும் சூடு ஆறிய பிறகு கடைசியில் சேர்ப்பவை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. செய்முறையை எழுதியவர் அடிப்படைக் கலவையை 100 என்று வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு 100 கிராமுக்கும் இதில் 1, அதில் 1 என்று மேலே சேர்த்திருக்கிறார். அவருடைய நூறு அடிப்படைக் கலவை. நீங்கள் எடுத்துக்கொண்ட நூறு முடிந்த கிரீம். இது என் ஊகம்தான், ஆனால் எண்கள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

இந்த ஊகம் சரியானால் கணக்கு எளிது. எல்லா எண்களையும் கூட்டுங்கள்: 103. இவற்றைச் சதவீதம் என்று நினைக்காமல் பங்குகள் என்று நினையுங்கள். மொத்தம் 103 பங்கு. 400 கிராமை 103ஆல் வகுத்தால் ஒரு பங்கு 3.8835 கிராம். நீர் 70 பங்கு, ஆக 271.8 கிராம். எண்ணெய் 73.8, கிளிசரின் 19.4, பால்மமாக்கி 23.3, கடைசி மூன்றும் தலா 3.88. கூட்டிப் பாருங்கள், 400 வரும். இந்த வழியின் நல்ல குணம், பட்டியலின் மொத்தம் 100 ஆனாலும் 97 ஆனாலும் 168 ஆனாலும் பொருள்களுக்கு இடையிலான விகிதத்தை அது மாற்றுவதில்லை. வகுப்பதற்கு முன் ஒரு முறை கூட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. பல செய்முறைகளில் மற்ற எல்லாவற்றுக்கும் எண் கொடுத்துவிட்டு, நீரை மட்டும் ‘100 ஆகும் வரை’ என்று விடுவார்கள். அப்படி விட்டதை யாரோ பின்னால் எண்ணாக நிரப்பும்போது, கடைசி மூன்றைக் கழிக்க மறந்து 70 என்று எழுதியிருக்கலாம். அப்படியானால் நீர் 67 சதவீதம். அளவுகள் 268, 76, 20, 24, 4, 4, 4. இந்த இரண்டு வாசிப்புகளில் எது சரி என்று பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள்: நீரில் 3.8 கிராம், எண்ணெயில் 2.2 கிராம், பிரிசர்வேட்டிவில் 0.12 கிராம். சிறு அளவில் செய்யும் ஒரு கிரீமில் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதைத் தேர்ந்தீர்கள் என்று தாளில் எழுதிவையுங்கள். அடுத்த முறையும் அதே வழியில் செய்வதுதான் முக்கியம். நானாக இருந்தால் 103ஆல் வகுப்பேன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. முதலில் நீங்கள் எடுத்த 412 கிராம் கணக்கும் விகிதத்தில் சரியானதே. 412 என்பது 103ஐப் போல 4 மடங்கு. 12 கிராம் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இதே பங்குக் கணக்கு பின்னோக்கியும் வேலை செய்யும். பால்மமாக்கி 18 கிராம்தான் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். அது 6 பங்கு, ஒரு பங்கு 3 கிராம், மொத்தம் 309 கிராம் செய்யலாம். ரொட்டி சுடுபவர்கள் தொழில் முழுவதும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு மாவு எப்போதும் 100. நீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1 என்பதெல்லாம் மாவைப் பொறுத்தவை. மொத்தம் 168 வருவது அவர்களுக்கு உறுத்துவதில்லை. 840 கிராம் பிசைந்த மாவு வேண்டுமானால் 168ஆல் வகுத்து, பங்குக்கு 5 கிராம் வைத்து, மாவு 500 கிராம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இனி அளவுக் கோப்பைக்கு வருகிறேன். செய்முறை நிறையில் இருக்கிறது, நீங்கள் ஊற்றியது பருமனில், அதாவது பிடிக்கும் இடத்தின் அளவில். நீருக்கு மட்டும் இது பொருட்டல்ல. 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 1 கிராம். கிளிசரின் அப்படியல்ல, அதன் 1 மில்லிலிட்டர் 1.26 கிராம். நீங்கள் ஊற்றிய 20 மில்லிலிட்டர் உண்மையில் 25 கிராமுக்குச் சற்று மேல். எண்ணெய் எதிர்ப்பக்கம் போகும். தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.92 கிராமை ஒட்டி இருக்கும், ஆகவே உங்கள் 76 மில்லிலிட்டர் சுமார் 70 கிராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பானையில் இருக்கும் கிளிசரின் 4.9 சதவீதத்துக்குப் பதில் 6.1, எண்ணெய் 18.4க்குப் பதில் 17. நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட 103 சிக்கலால் வந்திருக்கக்கூடிய மாற்றத்தைவிட இது பல மடங்கு பெரியது. கிளிசரின் பிசுபிசுப்பானது என்பதால் கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பின்தங்கியிருக்கும், ஆகவே 6.1 என்பதையும் உச்சவரம்பாகவே கொள்ளுங்கள்.

தொழிலில் இருப்பவர்கள் நிறையை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறைகள் கூடும், பருமன்கள் அப்படிக் கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் சேர்த்தால் 100 வராது. 96 முதல் 97 வரைதான் வரும். அதையே தராசில் வைத்தால் ஒரு கிராம்கூடக் காணாமல் போயிருக்காது. சூட்டில் திரவம் விரியும். அதுவும் கோப்பையின் அளவை மாற்றுமே தவிர தராசின் எண்ணை மாற்றாது. உங்கள் புட்டியில் 400 மில்லிலிட்டர் பிடிக்கும் என்பதால்தான் 400 கிராம் செய்ய நினைத்தீர்கள் என்றால், அந்த இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கலக்கும்போது கிரீமுக்குள் காற்று சிக்கும். எவ்வளவு சிக்கும் என்பதைப் பொருள்களின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட வழியில்லை. ஒரு சிறு கிண்ணத்தில் விளிம்புவரை நீர் நிரப்பி நிறுத்துக்கொள்ளுங்கள். அதே கிண்ணத்தில் கிரீமை நிரப்பி நிறுங்கள். கிண்ணத்தின் எடையை இரண்டிலும் கழித்துவிட்டு, கிரீமின் எடையை நீரின் எடையால் வகுத்தால் உங்கள் கிரீமின் அடர்த்தி கிடைத்துவிடும்.

தராசைப் பற்றி. முழுக் கிராம் காட்டும் தராசில் 4 என்று தெரிந்தால் உள்ளே 3.5 முதல் 4.5 வரை எதுவும் இருக்கலாம். 280 கிராம் நீரில் அந்த அரைக் கிராம் ஒன்றுமில்லை; 4 கிராம் பிரிசர்வேட்டிவில் அது எட்டில் ஒரு பங்கு. இதைவிட மோசமான ஒன்று உண்டு. பல தராசுகள் பூஜ்யத்துக்கு அருகில் வரும் மிகச் சிறிய மாற்றங்களைத் தாமாகவே பூஜ்யம் என்று கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். பாத்திரத்தை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினால் முதல் பல சொட்டுகளைத் தராசு கணக்கிலேயே சேர்க்காமல் விழுங்கிவிடக்கூடும். எண் 0லேயே நிற்கும், உங்கள் கை ஊற்றிக்கொண்டே இருக்கும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் சிறு பொருள்களை ஒரு கிண்ணத்தில் தனியாக நிறுத்துக்கொள்ளலாம். அந்தத் தராசிலும் சொட்டுச் சிக்கல் வரக்கூடும் என்பதால், கழித்து நிறுக்கும் வழி நல்லது. மூடி திறந்த பிரிசர்வேட்டிவ் புட்டியைத் தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்து, கலவையில் ஊற்றி, மறுபடி வையுங்கள். குறைந்திருப்பது எவ்வளவோ அவ்வளவு கலவைக்குள் போயிருக்கிறது. பாத்திரத்தின் கனமும் சொட்டும் வேகமும் இதில் குறுக்கிடுவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த செய்முறையில் அது உங்களை மறித்து நிற்கும். புட்டியில் இருக்கும் பொருளுக்கும் ஒரு சதவீதம் உண்டு. ஒருமுறை 60 கிலோ லோஷனில் சோடியம் லாக்டேட் 3 சதவீதம் இருக்க வேண்டியிருந்தது. தாளில் 1.8 கிலோ என்று எழுதினேன், நிறுத்தேன், ஊற்றினேன். அதுவரை எங்களுக்குத் தூளாக வந்துகொண்டிருந்த பொருள் அந்த முறை 60 சதவீதக் கரைசலாக வந்திருந்தது. பீப்பாயின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது. நான் பொருளின் பெயரைப் படித்தேன், அதற்குக் கீழே இருந்த வரியைப் படிக்கவில்லை. மறுநாள் சோதனை அறையிலிருந்து 1.8 சதவீதம் என்று சீட்டு வந்தபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. 1.8 கிலோ தூய பொருள் வேண்டுமானால் அதை 0.60ஆல் வகுத்து 3 கிலோ கரைசல் எடுத்திருக்க வேண்டும். அந்தக் கரைசலோடு வரும் 1.2 கிலோ நீரைச் செய்முறையின் நீரிலிருந்து கழித்திருக்கவும் வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறக்கிறார்கள். கரைசலைச் சரியாக எடுத்துவிட்டு நீரைக் கழிக்காமல் விட்டால் மொத்தம் பெருத்து, மற்ற எல்லாச் சதவீதங்களும் இறங்கிவிடும்.

அதைச் சரிசெய்யும்போது இன்னொரு பொறி காத்திருந்தது. குறைவது 1.2 கிலோ கரைசல், அதைச் சேர்த்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் சேர்ப்பதும் மொத்தத்தில் சேருகிறது, நூறே நகர்ந்துவிடுகிறது. உள்ளே ஏற்கனவே 1.08 கிலோ இருக்கிறது. சேர்க்க வேண்டிய கரைசலை ‘அ’ என்று வையுங்கள்: 1.08 கூட்டல் 0.6அ என்பது, 60 கூட்டல் அ என்பதன் 3 சதவீதமாக இருக்க வேண்டும். தீர்த்தால் 1.26 கிலோ வருகிறது. 5 சதவீதம் இருக்கும் 500 கிராம் கலவையை 8 சதவீதம் ஆக்க, தூய பொருள் 15 கிராம் போதாது, 16.3 வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைப் போட்டுவிட்டு 10 சதவீதக் கரைசல் என்று சொல்வதும் இதே பிழைதான். அது 9.1 சதவீதம். 10 வேண்டுமானால் 90 கிராம் நீர்.

தூளிலும் இதே சங்கதி ஒளிந்திருக்கும். சில உப்புகளும் அமிலங்களும் நீர் மூலக்கூறுகளைத் தம்முள் பிடித்துவைத்திருக்கும். படிக நீருள்ள சிட்ரிக் அமிலத்தில் அமிலம் 91.4 சதவீதம்தான், நீல நிறக் காப்பர் சல்பேட்டில் நீரற்ற உப்பு 64 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. செய்முறை எந்த வடிவத்தைச் சொல்கிறது, உங்கள் பொட்டலத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் கரைசல்களில் சதவீதம் என்றால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் என்று பொருள், 0.9 சதவீத உப்புக் கரைசல் லிட்டருக்கு 9 கிராம். உங்கள் கிரீமுக்கு இது தேவையில்லை.

சூடுபடுத்தும்போது நீர் ஆவியாகும். 272 கிராம் நீரைத் திறந்த பாத்திரத்தில் சூடாக்கினால் எவ்வளவு போகும் என்பது பாத்திரத்தின் வாயையும் நேரத்தையும் பொறுத்தது. நான் ஓர் எண் சொல்வது நேர்மையாக இருக்காது. நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு, எண்ணெயோடு சேர்ப்பதற்கு முன், மறுபடி நிறுத்து, குறைந்த அளவுக்கு வெந்நீர் சேர்த்துவிடுங்கள். பாத்திரத்தில் ஒட்டிப்போவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய விரும்பினால், பங்கு ஒன்றை 3.88க்குப் பதில் 4 என்று வையுங்கள். அப்போது மொத்தம் 412. உங்கள் முதல் கணக்கேதான்.

ஒரு விஷயத்தில் கணக்கு உங்களுக்கு உதவாது. பிரிசர்வேட்டிவின் அளவு சரியாக இருப்பதால் மட்டும் கிரீம் கெடாது என்று சொல்லிவிட முடியாது. அமிலத்தன்மை, மற்ற பொருள்கள், பாத்திரத்தின் சுத்தம் எல்லாம் அதில் கை வைக்கும். அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். தயாரிப்பாளர் கொடுக்கும் அளவு வரம்பு பொதுவாக முடிந்த கிரீமின் மொத்தத்தைப் பொறுத்தது. உதாரணமாக, ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் விதிகளின்படி, பயன்பாட்டுக்குத் தயாரான பொருளில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் செய்முறையின் ‘1’ முடிந்த கிரீமில் 0.97 சதவீதம்தான். உங்கள் புட்டியின் மேல் எழுதியிருக்கும் வரம்புக்குள் 0.97 வருகிறதா என்று பாருங்கள். கீழ்வரம்புக்குக் குறைவாக இருந்தால் 103 கணக்கை அந்த ஒரு பொருளுக்கு மட்டும் திருத்துங்கள்.

நீங்கள் ஏற்கனவே செய்துவைத்திருக்கும் கிரீமைத் திருத்த முயலாதீர்கள். அதிலுள்ள 25 கிராம் கிளிசரினைச் செய்முறையின் விகிதத்துக்குக் கொண்டுவர மொத்தத்தை ஏறத்தாழ 519 கிராமாக ஆக்க வேண்டும். சேர்ந்து ஆறிவிட்ட கிரீமில் 100 கிராமுக்கு மேல் எண்ணெயும் நீரும் புகுத்தினால் அது பிரிந்துபோகும் வாய்ப்பு அதிகம். கிளிசரின் கூடியதால் அது கொஞ்சம் ஒட்டும், வேறு கெடுதல் இல்லை. ஆனால் அதில் போன பிரிசர்வேட்டிவ் 3.5 கிராமா, 4.5 கிராமா, அல்லது தராசு விழுங்கிய சொட்டுகளும் சேர்ந்து அதற்கும் மேலா என்று உங்களால் சொல்ல முடியாது. தோலில் பூசும் பொருளில் அந்தச் சந்தேகத்தோடு நான் போகமாட்டேன். அதைக் கொட்டிவிட்டு, ஒரு பங்கு 1 கிராம் என்று வைத்து 103 கிராம் மட்டும் புதிதாகச் செய்யுங்கள். எண்ணெயையும் கிளிசரினையும் தராசில் ஊற்றுங்கள், கடைசி மூன்றையும் சிறு தராசில் கழித்து நிறுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வேண்டிய எடை, உண்மையில் விழுந்த எடை என்று இரண்டு பத்திகள் போட்டு எழுதி இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.